நாற்பது வண்டில் மண்

போன மாதம் நான் முன்பு வேலை செய்த பூங்காத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பெயர் மேகன். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள், நேரில் கண்டதில்லை. கருவிகள் வைக்கும் பழைய கொட்டிலை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். சாமான்களை வெளியே எடுத்தபோது பின்சுவர் ஆணியில் நூலால் கட்டிய ஒரு பிடி மெல்லிய குச்சிகள் தொங்கினவாம். கூடவே ஒரு அட்டை. "பீச் மரத்துக்கு மட்டும். எறிய வேண்டாம்" என்று அதில் எழுதியிருந்ததாம். அது என் பழைய மேலாளர் ஹெலனின் கையெழுத்து. அவரையும் கேட்டிருக்கிறாள். "டாசைக் கேள்" என்று என்னைக் கைகாட்டிவிட்டாராம்.

இந்தக் குச்சிகள் என்ன, இவற்றால் என்ன செய்தீர்கள், இனி எறியலாமா என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்ப முடியுமா என்று மேகன் கேட்டாள். இப்போது வேர்மேல் மண்ணைக் காற்றால் ஊதி அகற்றும் இயந்திரம் வந்துவிட்டது, அதனால்தான் கேட்கிறேன் என்றாள். மரியாதையான பிள்ளை. நானும் இங்கிலீசில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். திரும்ப வாசித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஜெசியும் இல்லை. ஜெசி இல்லாமல் அந்த மரத்தின் கதையைச் சொல்வது எனக்குப் பொய் சொல்வது போலத்தான். அந்த மரத்தைப் பற்றி நான் ஏற்கெனவே போதுமான அளவு பொய் சொன்னவன். ஆகவே மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களிடம் பீச் மரம் என்றால் ஒருவர் கடற்கரையை நினைப்பார், இன்னொருவர் பழத்தை நினைப்பார். இது இரண்டும் இல்லை. ஐரோப்பாவில் காடு காடாக நிற்கும் பெரிய நிழல்மரம். மெல்பேணுக்குக் கிழக்கே டன்டினோங் மலைப்பக்கம் குளிரும் மழையும் இருப்பதால், அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் நின்றது செம்பு நிற இலைகள் கொண்ட வகை. வசந்தத்தில் இலை வரும்போது இளஞ்சிவப்பு, கோடையில் கத்தரிக்காய் நிறம், இலையுதிர் காலத்தில் செம்பு. பட்டை சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும். அடிமரம் நிலத்தைத் தொடும் இடத்தில் யானைக்கால் மாதிரி அகலும். அந்த அகலம்தான் இந்தக் கதையில் முக்கியம். நினைவில் வைத்திருங்கள்.

நான் மன்னார்க்காரன். ஊரில் கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதினவன். செடிகொடி பற்றி ஒன்றும் தெரியாது. இங்கே வந்து, வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் சில மாதங்கள் இருந்து, வெளியே விட்டபோது நோபல் பார்க்கில் நாலு பேரோடு ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்டேன். முதலில் கோழி வெட்டும் தொழிற்சாலை. பிறகு கோயிலில் பழக்கமான ஒருவர் இந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றார். புல் வெட்டினேன், குப்பை அள்ளினேன். வாரத்தில் ஒரு நாளாக இரண்டு வருடம் தொழிற்கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழும் எடுத்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். நான் உண்மையில் படித்தது ஹெலனிடம்.

ஹெலன் என்னைவிட ஆறு வயது இளையவர். நெட்டையான ஆள். கதிரையில் இருந்து தேநீர் குடித்து நான் கண்டதில்லை, நின்றபடியே குடிப்பார். யாரையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டார். உள்ளங்கையை விரித்துக் காட்டுவார், சாமி படத்தில் இருப்பது மாதிரி. கோபம் வந்தால் குரல் உயராது. சட்டைக் கையை மெதுவாக மடிக்கத் தொடங்குவார். முதல் மடிப்பு விழுந்ததும் நாங்கள் எல்லோரும் எங்கேயாவது வேலை தேடிப் போய்விடுவோம். அவர் இங்கிலீசில்தான் பேசினார். ஆனால் எனக்கு நினைவில் எல்லாம் மன்னார்த் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பீச் மரத்துக்கு அவர் சட்டமே வைத்திருந்தார். மழை பெய்து நிலம் ஈரமாக இருந்தால் அதன் நிழலுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. உள்ளே போக வேண்டி வந்தால் பலகை போட்டு அதன்மேல் நடக்க வேண்டும். விழுந்த இலையை வாரக் கூடாது. கீழ்க்கிளையை வெட்டக் கூடாது; வெட்டினால் வெயில் நேரே அடித்து அந்த மெல்லிய பட்டை வெந்துவிடும். திங்கட்கிழமை காலை முதல் வேலை மரத்தைச் சுற்றி மூன்று சுற்று. "முதல் சுற்றில காலைப் பார். ரெண்டாவதில உடம்பைப் பார். மூண்டாவதிலதான் தலை" என்பார். ஆட்கள் மரம் என்றால் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள், தலையில் தெரியிற நோய் காலில் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருக்கும் என்பது அவர் கணக்கு. அது எவ்வளவு சரி என்று பிறகு பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜெசி என் மனைவி, ஜெசிந்தா. கலியாணம் செய்து ஒன்றரை வருடத்தில் நான் புறப்பட்டேன். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன். ஏழு வருடம் ஆனது. எனக்கு முதலில் கிடைத்தது தற்காலிக விசா. அதில் மனைவியைக் கூப்பிட முடியாது. அவள் மன்னாரில் தன் அக்கா வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை இங்கே பின்னேரம் நாலு மணிக்கு நான் அழைப்பேன். அங்கே அவள் சந்தியில் இருந்த கொமினிகேசன் கடைக்கு வந்து காத்திருப்பாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். புருசன் பெண்சாதி கதைக்கிற எதையும் அங்கே கதைக்க முடியாது. சாப்பிட்டீங்களோ, சுகமோ, விசா என்னவாம். மூன்று நிமிடத்தில் கதை தீர்ந்துவிடும். தொலைபேசி அட்டையில் இன்னும் நிமிடங்கள் இருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் மரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எங்கட பெருக்கமரத்தைவிடப் பெரிசோ?" என்று கேட்டாள். மன்னாரில் அரபு வணிகர் நட்டதாகச் சொல்லப்படும் அந்தக் குண்டு மரம்தான் அவளுக்கு மரங்களின் அளவுகோல்.

"பருமனில இல்லை. உயரத்தில ரெண்டு மடங்கு."

"அப்ப பரவாயில்லை."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் "மரம் எப்பிடி?" என்று கேட்பாள். நான் சொல்வேன். மொட்டு வந்தது, வேல் மாதிரி நீளமாக, கூராக. இலை விரிந்தது. கிளி வந்து கொட்டையைத் தின்கிறது. என் அறையைப் பற்றிச் சொன்னால் அழுவாள், முகாமைப் பற்றிச் சொன்னால் அழுவாள், மரத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பாள். அதனால் நான் திங்கட்கிழமை மூன்று சுற்றுச் சுற்றியது ஹெலனுக்காக மட்டுமல்ல. சனிக்கிழமைக்குச் சேர்த்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தாவது வருடம் ஹெலனின் தாய்க்குக் கடும் வருத்தம், படுத்த படுக்கை. தஸ்மேனியாவுக்குப் போய்க் கிட்டத்தட்ட ஒரு வருடம் அங்கேயே நின்றார். மரத்தின் சுற்றுப் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தக் குளிர்காலம் மரத்தடியில் நின்று பார்த்தபோது, பீச் மரத்தின் வேர்கள் நிலத்துக்கு மேலே, முதியவர் புறங்கை நரம்பு மாதிரி ஓடுவது என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. முன்பும் அப்படித்தான் இருந்தது. பொறுப்பு வந்த பிறகுதான் உறுத்தியது. ஜெசியிடம் சொன்னேன்.

"வேர் வெளியில தெரியுதோ? ஐயோ, விழப்போகுது. மண் போட்டு அணைச்சு விடுங்கோவன்" என்றாள்.

மன்னார் மணல் நிலம். சோளகக் காற்று மாதக் கணக்கில் அடித்து தென்னையின் கால்மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். காற்று ஓய்ந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் முதல் வேலை, மண்ணும் குப்பையும் கொண்டுவந்து மரத்தின் காலை அணைப்பது. வாழைக்கும் அப்படி, முருங்கைக்கும் அப்படி. வேர் தெரிய மரத்தை விடுவது, பிள்ளையைச் சட்டையில்லாமல் தெருவில் விடுவது மாதிரி. பீச் மரத்துக்கு மண் போடாதே என்று ஹெலன் ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. இந்த நாட்டில் யார் போடுவார்கள்?

அதே சமயம் மரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஒப்பந்தக்காரர் குழு நடைபாதை போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் தோண்டிய நல்ல கறுப்பு மண் குவியலாகக் கிடந்தது. ஒற்றைச் சில்லு வண்டிலில் அள்ளி அள்ளி, பலகைமேல் உருட்டிக்கொண்டு போய், அடிமரத்தைச் சுற்றிக் கொட்டி, கையால் தட்டி அணைத்தேன். ஒரு வாரத்தில் நாலு வண்டில், ஐந்து வண்டில். சனிக்கிழமை கணக்குச் சொல்வேன். "இன்னும் போடுங்கோ" என்பாள். நாற்பது வண்டில். மேலே இலையைப் பரப்பிவிட்டேன், வடிவாக இருந்தது.

வேலை செய்துகொண்டே நான் பாட்டும் பாடியிருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அந்த ஏழு வருடத்தில் என் பெண்சாதி எனக்குச் சொன்ன ஒரே வீட்டுவேலை அதுதான். தண்ணி அள்ளித் தாங்கோ, தேங்காய் உரிச்சுத் தாங்கோ என்று சொல்ல அவளுக்கு நான் பக்கத்தில் இல்லை. மண் அணைச்சு விடுங்கோ என்றாள். அணைத்தேன். எனக்கு ஒரு வீடு இருக்கிற மாதிரி இருந்தது.

மறு வருடம் இலை சிறிதாக வந்தது. கோடை முடியுமுன், பிப்ரவரியிலேயே செம்பு நிறம் ஏறி உதிரத் தொடங்கியது. அதற்கடுத்த வசந்தத்தில் உச்சிக்கிளைகள் துளிர்க்கவே இல்லை. ஹெலன் திரும்பி வந்திருந்தார். கோடை வெயில் என்று நினைத்து முதலில் தண்ணீர் கொடுத்தோம். பீப்பாய்களை நிழலின் விளிம்பில் வைத்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக. பயனில்லை. சருகு மூடிக் கிடந்ததால் அதுவரை கண்ணில் படாத எதையோ கண்டு, ஒரு திங்கட்கிழமை முதல் சுற்றில் ஹெலன் திடீரென்று நின்றார். பலகைமேல் குப்புறப் படுத்து, கன்னத்தை நிலத்தோடு வைத்து, அடிமரத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"டாஸ், இதின்ர கால் எங்க?" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். யானைக்கால் அகலம் இல்லை. மின்கம்பம் நட்ட மாதிரி மரம் நேரே மண்ணுக்குள் இறங்கியது. ஹெலன் கையை விட்டுத் தோண்டினார். முழங்கைவரை போன பிறகுதான் பழைய நிலம் வந்தது. உள்ளே பட்டை கறுத்து, ஈரமாய், நகம் பட்டாலே பெயர்ந்தது. பீச் மரத்தின் வேர் மேலேயே நின்று மூச்சு வாங்குவது, மேலே மண் போட்டால் தலையணையை முகத்தில் வைத்து அழுத்தின மாதிரி என்றார் ஹெலன். சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்கு மேலேயும் மடித்தார்.

கை துடைக்க அவருக்கு ஒரு சாக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். மண் போட்டது யார் என்று சொல்லவில்லை.

அவர் மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார். நடைபாதை தோண்டிய மண் என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். ஒப்பந்தக்காரர்தான் மிச்ச மண்ணை ஏற்ற அலுப்பில் இங்கே கொட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். அன்று பின்னேரமே அவர்களின் நிர்வாகிக்குக் கடிதம் எழுதி என்னிடம் நீட்டினார். "நீயும் அப்ப இஞ்சதானே நிண்டனி. கீழ ஒரு கையெழுத்து வை."

"நாளைக்கு வைக்கிறன்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். அப்போது எனக்கு நிரந்தர விசா கிடைத்து, ஜெசிக்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரம். சட்டத்தரணி ஒன்றுதான் சொல்லியிருந்தார்: முடிவு வரும்வரை வேலையை விட்டுவிடாதே. உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் ஜெசி வரமாட்டாள். அப்படித்தான் என் தலைக்குள் ஓடியது. இடையில் சனிக்கிழமை வந்தது.

"எனக்கு விசா மெடிக்கலுக்குக் கடிதம் வந்திட்டுது!" என்று ஜெசி கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. பிறகு வழக்கம்போல, "மரம் எப்பிடி?"

"நல்லா இருக்குது" என்றேன். அந்த ஒன்றரை, இரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீர் சொன்ன வேலைதான் மரத்தைக் கொல்லுது என்று எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை ஹெலன் பேனையையும் சேர்த்து நீட்டினார். அந்த நடைபாதைக் குழுவில் ஒரு கிழவர் இருந்தார். மத்தியானம் தன் சாண்ட்விச்சில் பாதியை எனக்குத் தருபவர். அவருடைய முகம் வந்தது. பேனையை வாங்கவில்லை.

"மண் போட்டது நான்" என்றேன்.

ஹெலன் என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தார். "எத்தினை வண்டில்?"

"நாப்பது."

"எண்ணினியோ?"

"ஓம்."

"ஏன் போட்டனி?"

எனக்கு இங்கிலீசில் சோளகக் காற்று வரவில்லை, மணல் வரவில்லை, தென்னை வரவில்லை. "என்ர மனிசி போடச் சொன்னவ" என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன். நாற்பத்திநாலு வயது ஆம்பிளை.

மற்ற வேலையாட்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். ஹெலன் சிரிக்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். "நாப்பதும் வெளியில வரோணும். மண்வெட்டி இல்லை, மண் கிளறுற முள்ளு இல்லை. கை. குளிர்காலம் தொடங்கட்டும், மரம் நித்திரையில இருக்கேக்க செய்வம்" என்றார். தோட்டத்துப் பதிவேட்டில் அவர் எழுதியது மூன்று சொல்: வேர்மேல் மண் அகற்றப்பட்டது. அந்த மண் எப்படி வந்தது என்று இன்றைக்கும் அதில் இல்லை. மேகனுக்கு அனுப்பிய பக்கத்திலும் நான் எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஜூன் மாதம் தொடங்கினோம். அடிமரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு நாளைக்கு ஒரு சாண் அகலம். அதற்கு மேல் எடுத்தால் இவ்வளவு காலம் இருட்டில் கிடந்த வேர் காய்ந்துவிடும். எடுத்த இடத்தில் உடனே ஈரச்சாக்கு. மயிர் மாதிரி மெல்லிய வேர்கள் புது மண்ணுக்குள் ஏறி வளர்ந்திருந்தன. மூச்சுத் தேடி மேலே வந்தவை. அவற்றுக்கு நடுவில் கிடந்த மண்தான் பெரும்பாடு. விரல் தடிப்பு, போகாது. ஆணியால் கிண்டினால் தோல் உரியும். தண்ணீர் பீச்சினால் சேறாகும். மூன்று வாரத்தில் பதினொரு வண்டில்தான் எடுத்திருந்தேன்.

அப்போது ஜெசி வந்தாள்.

விமான நிலையத்தில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்குமானது. வந்த நாலாம் நாள், "மரத்தைக் காட்டுங்கோ" என்றாள். குளிராய் இருக்குது என்றேன், மழை வரும் என்றேன். அவள் என்னுடைய பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

ஜூலை மாதம். ஒரு இலை இல்லை. சாம்பல் நிறக் கொம்புகள் மட்டும் வானத்தில். எனக்கு ஒரு கோழைத்தனமான ஆறுதல்: குளிர்காலத்தில் செத்த மரமும் உயிருள்ள மரமும் ஒன்றுபோலத்தான் நிற்கும். ஜெசி அண்ணாந்து பார்த்தாள்.

"பெருக்கமரமும் இப்பிடித்தானே மொட்டையா நிக்கும்" என்றாள் சந்தோசமாக. பிறகு குனிந்தாள். சாக்குகளைப் பார்த்தாள். பாதி தோண்டின மண்ணைப் பார்த்தாள். "இதென்ன, அணைச்ச மண்ணை ஏன் கிண்டியிருக்கினம்?"

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குனிந்தபடியே கேட்டாள். கேட்டு முடிய, நிமிர்ந்தாள்.

"மரத்தை விடுங்கோ. ரெண்டு வருசமா சனிக்கிழமை சனிக்கிழமை எனக்குப் பொய் சொன்னனீங்களோ?"

"நீர் கவலைப்படுவீர் எண்டு…"

"எனக்கு இருந்தது அந்த ஒரு சனிக்கிழமை. அதிலயும் பொய். வேற என்ன பொய் சொன்னனீங்கள்?"

"வில்லாவுட்டில நல்லாச் சாப்பிட்டனான் எண்டது."

"வேற?"

"நான் அழுறேல்ல எண்டது."

அவள் திரும்பிக் காருக்கு நடந்தாள். வீடுவரை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. ஏழு வருடம் காத்திருந்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இரண்டு நாள். இப்போது அந்த இரண்டு நாளைக்கு நான் எதையும் கொடுப்பேன். பேசாவிட்டால் பரவாயில்லை, குசினியில் கோபத்தோடு சட்டி வைக்கிற சத்தம் போதும்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நான் மரத்தடிக்குப் புறப்பட, அவளும் வந்து காரில் ஏறினாள். கையில் ஒரு ஈர்க்கு விளக்குமாறு. டன்டினோங்கில் இலங்கைக் கடையில் முந்தின நாள் வாங்கியதாம். மரத்தடியில் ஹெலன் நின்றார். நான் அறிமுகப்படுத்தினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். ஜெசிக்கு அப்போது இங்கிலீஸ் வராது. அவள் விளக்குமாற்றின் கட்டை அவிழ்த்து, பத்துப் பன்னிரண்டு ஈர்க்கை உருவி, நுனியைப் பல்லால் கடித்து மெதுவாக்கி, பலகைமேல் முழந்தாளிட்டாள். ஈர்க்கு நுனியால் வேருக்கு இடையே தட்டித் தட்டி, பேன் பார்க்கிற மாதிரி, மண்ணைப் பொலபொலவென்று உதிர்த்தாள். ஒரு வேரும் அறவில்லை, ஒரு தோலும் உரியவில்லை.

ஹெலன் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். ஜெசி அதில் நாலு ஈர்க்கை வைத்தாள். மூன்று பேரும் பின்னேரம்வரை கிண்டினோம். நாலு மணிக்கு ஜெசி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கும் மணி தெரியும், எங்கள் சனிக்கிழமை அழைப்பு நேரம்.

"மரம் எப்பிடி?" என்றாள்.

"தெரியாது" என்றேன். "ஒக்டோபரில இலை வந்தால்தான் தெரியும்."

"ம். இது உண்மை" என்றாள்.

ஆகஸ்ட் முடிய நாற்பது வண்டிலும் வெளியே வந்தது. மறுபடி யானைக்கால் தெரிந்தது, ஒரு பக்கம் கறுத்த தழும்போடு. வடக்கும் மேற்குமாக வெயில் படும் பக்கம் அடிமரத்துக்குச் சாக்குச் சுற்றினோம். வேர்மேல் மெல்லிதாக அதன் சொந்த இலையையே பரப்பினோம். பிறகு காத்திருந்தோம். எனக்குக் காத்திருப்பது பழகின வேலை, ஆனால் அந்த ஒன்றரை மாதம் அந்த ஏழு வருடத்தைவிட நீளமாக இருந்தது. மரம் செத்தால் ஜெசி ஒன்றும் சொல்லமாட்டாள் என்று தெரியும். தான் சொல்லித்தான் செத்தது என்று ஆயுள் முழுக்க மனதுக்குள் வைத்திருப்பாள் என்றும் தெரியும்.

ஒக்டோபர் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் விடுப்பில் நின்ற நாள், ஹெலன் தோட்டத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, ஜெசியைக் கூட்டிவரச் சொன்னார். கீழ்க்கிளைகளில் மொட்டு வெடித்திருந்தது. உச்சியில் மூன்றில் ஒரு பங்கு செத்துப் போயிருந்தது. அதைப் பிறகு நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினோம். ஆனால் கீழே முழுக்க இளஞ்சிவப்பு இலை, ஓரத்தில் பூனைமயிர் மாதிரி மென்மயிரோடு. ஜெசி ஒரு இலையை இரண்டு விரலால் தொட்டாள்.

"பச்சைப்பிள்ளையின்ர காது மாதிரிக் கிடக்கு" என்றாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டிய வருடங்கள் தொலைபேசி அட்டைகளில் போய்விட்டன. இதை யாரிடமும் நாங்கள் சொன்னதில்லை, ஒருவருக்கொருவரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் நாங்கள் ஒன்றாக இருந்தோம். நல்ல வருடங்கள். மீதமிருந்த ஈர்க்கை ஹெலன் நூலால் கட்டி, அட்டை எழுதி, ஆணியில் தொங்கவிட்டார். குளிர்காலம் தோறும் வேர்க்காலைத் துப்புரவாக்க அதைத்தான் எடுப்போம். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே ஜெசி கேட்பாள், "மரம் எப்பிடி?" நல்லா இருக்குது என்பேன். உடனே கண்ணைச் சுருக்கி, "உண்மையாவோ?" என்பாள். ஒரு நாள் தவறியதில்லை. பதினாறு வருடமும் நான் ஒரு பொய்க்குத் தண்டனை அனுபவித்தேன். அப்படி ஒரு இனிமையான தண்டனை யாருக்கும் கிடைத்திருக்காது.

மூன்று வருடங்களுக்கு முன் ஜெசி போய்விட்டாள். ஈரலில் வந்த நோய், தெரியவந்து நாலு மாதம். ஸ்பிரிங்வேல் மயானத்தில் பங்குச் சுவாமியார் செபம் சொல்லி முடிய, ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. மண்ணை அள்ளினேன். கறுப்பு மண், ஈரம். கை திறக்கவில்லை. மேலே மண் போட்டால் மூச்சு முட்டும் என்று என் கைக்குத்தான் தெரியும். எல்லோரும் காத்து நின்றார்கள். ஹெலன் பக்கத்தில் வந்து, தன் உள்ளங்கையை என் கைக்குக் கீழே விரித்துப் பிடித்தார். அவர் கைக்குள் மண்ணை விட்டேன். அவர்தான் போட்டார்.

போன சனிக்கிழமை ஈர்க்குக்கட்டை எடுக்க மலைக்குப் போனேன். எறியலாம் என்று மேகனுக்கு எழுதியிருந்தேன், பிறகு மனம் கேட்கவில்லை; நல்லகாலம், அவள் எறியவில்லை. புதுக் கொட்டிலிலும் ஒரு ஆணி அடிக்கப்போகிறோம், இங்கேயே இருக்கட்டும் என்றாள். சரி என்றேன். பிறகு தனியாக மரத்தைச் சுற்றினேன். முதல் சுற்றில் கால். தழும்பு மூடி, பட்டை உருண்டு வந்திருக்கிறது. இரண்டாவதில் உடம்பு. மூன்றாவதில் தலை. உச்சி இழந்த மரம் பக்கவாட்டில் விரிந்து குடை மாதிரி நிற்கிறது. வெட்டின இடத்துக்கு மேலே, நான் ஓய்வு பெற்றபோது இல்லாத ஒரு புதுக் கொம்பு நேராக வானத்துக்கு ஏறியிருக்கிறது.

மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு.

திரும்பும் வழியில் ஸ்பிரிங்வேலில் இறங்கினேன். கல்லறைமேல் விழுந்து கிடந்த சருகுகளைக் கையால் எடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் வாய்விட்டே சொன்னேன்.

"மரம் நல்லா இருக்குது, ஜெசி."

கொஞ்ச நேரம் நின்றேன். அவள் கண்ணைச் சுருக்கி அந்தக் கேள்வியைக் கேட்க அவ்வளவு நேரம்தான் எடுக்கும்.

"ஓம். உண்மையா."